கூரை மேல் மூன்று தலைமுறை

தாராவியில் எங்கள் வார்டை ஒரே குடும்பம் மூன்று தலைமுறையாக ஆண்டது. தாத்தா நடந்தே வந்து ஓட்டுக் கேட்டார். சந்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது. மகன் ஜீப்பில் வந்தார். அதே குழாய்க்கு இன்னொரு திறப்பு விழா நடந்தது. பேரன் பெரும்பாலும் பேனரில்தான் வந்தார். அவரைச் சின்னவர் என்போம். ஒருமுறை மாநகராட்சிக்கு ஜெயித்தார், மூன்று கட்சி பார்த்தார், வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் மனைவியை நிறுத்தினார். அந்த அம்மா ஜெயித்த அன்று மாலை விழுந்தது இவர் கழுத்தில். நன்றியுரையும் இவரே.

அந்த மூவருக்கும் போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சியவர் என் அப்பா. தோல் பட்டறை வேலைக்குத் தேர்தல் வந்தால் லீவு. குடும்பம் கட்சி மாறும்போதெல்லாம் அப்பாவும் மாறினார். அவருக்கு ஒரே ஆசைதான். பேனரின் கீழ் வரிசையில் தொண்டர்கள் படம் போடுவார்கள் இல்லையா, அதில் ஒரு தடவையாவது தன் முகம் வரவேண்டும். கேட்கக் கூச்சம். "அதுவா வரும்லே" என்பார். பசை வாளிதான் வந்தது.

ஒரு கோடையில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைக்கமாட்டார் என்று யாரோ சின்னவரிடம் சொல்லிவிட்டார்கள். சாவு வீட்டில் எதிர்க்கட்சிக்காரன் முந்திக்கொள்ளக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் பரம்பரைக் கொள்கை. அப்பா பிழைத்து டாக்சியில் வீடு திரும்பியபோது சந்து முனையில் பேனர் கட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. மேலே மேகங்களுக்கு நடுவே தாத்தாவும் மகனும். நடுவில் ஆளுயரத்துக்குச் சின்னவர், கைகூப்பிச் சிரித்தபடி; தீபாவளி வாழ்த்துக்கு எடுத்த படம். ஓரமாக, உள்ளங்கை அகலத்தில், அப்பா.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா இறங்கி நின்று வெகுநேரம் பார்த்தார்.

"படம் நல்லாத்தாம்லே விழுந்திருக்கு" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ரோஜா மாலையோடு சின்னவரே வந்தார். பிணத்துக்கு வாங்கிய மாலை. பிணம் நின்றுகொண்டிருந்தது. ஒரு கணம்தான் திகைத்தார். அரசியல் ரத்தம் சும்மா இருக்குமா? மாலையை அப்படியே அப்பா கழுத்தில் போட்டு, "அரே அண்ணாச்சி, உங்களுக்கு நூறு வயசு" என்று கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். மூத்த தொண்டருக்குப் பாராட்டு என்று அது மொபைல் மொபைலாகப் போனது. அப்பா அதைக் காட்டாத ஆள் இல்லை.

மழைக்காலத்துக்கு முன் பேனர் எங்கள் கூரைக்கு ஏறியது. எங்கள் பக்கத்தில் பழைய பேனர் எல்லாம் கூரைக்குத்தான் போகும். பாகுபாடில்லாமல் மக்களைச் சேரும் ஒரே நலத்திட்டம் அது.

மறுவருஷம் அப்பா உண்மையாகவே போய்விட்டார்.

"சின்னவர்ட்ட ஒரு வார்த்த சொல்லுலே. அவுக ஆசப்பட்டது" என்றாள் அம்மா. எனக்கு மனசில்லை, அவளுக்காகப் போனேன். சின்னவர் நான்காவது கட்சியில் சேரும் அவசரத்தில் இருந்தார்.

"அண்ணாச்சிக்குத்தான் ஏற்கெனவே போட்டாச்சே, பாய். மறுபடி போட்டா டபுள் ஆயிடும்ல" என்றார்.

நான் வந்து சொன்னதும் அம்மா, அப்பாவின் தோல் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். பேனரில் அவர் முகத்தை மட்டும் சதுரமாக அறுத்து இறக்கி, துடைத்து, வாசலில் மாட்டி மாலை போட்டாள். அவரைக் கடைசியாகத் தூக்கிக்கொண்டு போனது அந்தப் படத்தின் முன்னால்தான்.

மிச்சப் பேனர் இன்னும் கூரையில்தான் கிடக்கிறது. சின்னவர் வானத்தைப் பார்த்துக் கைகூப்பிச் சிரிக்கிறார். அவர் இருக்கும் பக்கம் ஒரு சொட்டு இறங்காது, இல்லாததைச் சொல்லக் கூடாது. மழை பெய்தால் அப்பா இருந்த இடத்தில் மட்டும் ஒழுகுகிறது.