பெற்றோர் யார் என்று கேட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை

1. முகம்தான் தகுதி

துபாயில் கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. பன்னிரண்டாம் வகுப்புக்கு பிசிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த என்னை ஒரு நாள் முதல்வர் மேடம் கூப்பிட்டு, "சார், இனிமே நீங்கதான் காலேஜ் கவுன்சிலர்" என்றார். எனக்கு என்ன தகுதி என்று கேட்டேன்.

"உங்க முகத்தப் பாத்தா உள்ள என்ன ஓடுதுன்னு யாருக்கும் தெரியாது. இந்த வேலைக்கு அது போதும்."

இருபது வருஷமாக என் மனைவி புகாராகச் சொல்லிவந்ததை ஒருவர் தகுதியாகச் சொன்னது அதுவே முதல் தடவை.

மேடம் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்பது முதல் நாளே புரிந்தது. ஒரு அப்பா வந்தார். பெரிய கம்பெனியில் பெரிய பதவி. கதவைச் சாத்தினார், ஜன்னல் திரையை இழுத்துவிட்டார், போனை அணைத்தார். பிறகு என் காதருகே வந்து, "பையன் லண்டனுக்கு அப்ளை பண்றான். வெளிய தெரிஞ்சா கண்ணு பட்டுரும் சார்" என்றார். சரி என்றேன். அதே மூச்சில், "வேற யாரெல்லாம் லண்டனுக்குப் போடறாங்க?" என்று கேட்டார்.

இந்த வேலைக்கு வரப்போகும் இளையவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பெற்றோருக்கும் தன் பிள்ளை எங்கே அப்ளை பண்ணுகிறது என்பது பரம ரகசியம். மற்றவர் பிள்ளை எங்கே அப்ளை பண்ணுகிறது என்பது அத்தியாவசியத் தகவல். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

பள்ளி வாசலில் ஒரு பெரிய போர்டு உண்டு. போன வருஷம் படித்து முடித்தவர்களின் போட்டோவும் அவர்கள் சேர்ந்த பல்கலைக்கழகத்தின் பெயரும் அதில் இருக்கும். காலையில் பிள்ளைகளைக் காரில் இறக்கிவிட வரும் பெற்றோர்கள் அதை கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். அதில் தன் பிள்ளை ஏறும்வரை வாயைத் திறக்க மாட்டார்கள். விண்ணப்பத்தை ராகு காலத்தில் அனுப்பக் கூடாது என்று ஒரு அம்மா என்னை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார். அந்த நேரம் முடிந்ததும் அவருக்குப் புதிய சந்தேகம் வந்துவிட்டது. "சார், ராகு காலம் துபாய் நேரத்துக்கா, அமெரிக்கா நேரத்துக்கா?"

2. கோயம்புத்தூரும் மலேசியாவும்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மிர்திஃப் பகுதியில் அடுத்தடுத்த வில்லாக்களில் இரண்டு குடும்பங்கள். ஒரு வீட்டில் மதுரைக்காரர் பிரேமா, அவர் மகள் அபிநயா. அடுத்த வீட்டில் யாழ்ப்பாணத்துக்காரர் சுகந்தி, அவர் மகள் தர்ஷிகா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பெயருக்கு ஒரு மதில். இங்கே வைத்த குழம்பு அங்கே போகும், அங்கே அவித்த இடியப்பம் இங்கே வரும். பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பஸ், ஒரே பெஞ்ச்.

அந்த வருஷம் பிரேமா என்னிடம் வந்தார். அமெரிக்காவில், குளிர் அதிகமான ஒரு ஊரில் இருக்கும் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அபிநயா முன்கூட்டியே அப்ளை பண்ணுகிறாள். கிடைத்தால் அங்கேதான் சேர்ந்தாக வேண்டும், அப்படி ஒரு முறை அது.

"சார், சுகந்திக்கு மட்டும் தெரியவே கூடாது. நல்லவதான், ஆனா கண்ணு பட்டுரும்ல? கோயம்புத்தூர்ல சேக்குறோம்னு சொல்லி வச்சிருக்கேன்."

இரண்டு நாள் கழித்து சுகந்தி வந்தார். அதே பல்கலைக்கழகம், அதே பாடம், அதே முறை.

"சேர், பிரேமாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. அவ நல்ல மனிசிதான். எண்டாலும் நாவூறு பட்டிடும். நாங்கள் மலேசியா எண்டு சொல்லி வச்சிருக்கிறம்."

என் முகம் எதையும் காட்டவில்லை. உள்ளே மட்டும் ஒரு கணக்கு ஓடியது. அந்தப் பல்கலைக்கழகம் ஒரே பள்ளியிலிருந்து இரண்டு பேரை எடுப்பது அபூர்வம்.

இதில் வேடிக்கை, தர்ஷிகா மலேசியா போகிறாள் என்று பிரேமாவும், அபிநயா கோயம்புத்தூர் போகிறாள் என்று சுகந்தியும் ஒருவருக்கொருவர் மனதாரப் பரிதாபப்பட்டார்கள். பரிதாபத்தில் உதவியும் செய்தார்கள். அபிநயா படித்து முடித்த நுழைவுத்தேர்வுப் புத்தகங்களை எல்லாம் பிரேமா தூக்கி தர்ஷிகாவிடம் கொடுத்தார். சுகந்தியின் கணவர் நன்றாக ஆங்கிலம் பேசுவார். அவர் தினமும் சாயங்காலம் அபிநயாவுக்கு இன்டர்வியூ பயிற்சி கொடுத்தார். கோயம்புத்தூரிலும் இப்போது இன்டர்வியூ கடுமையாம் என்று அவர் நம்பினார். உலகத்திலேயே போட்டியாளரை இவ்வளவு அக்கறையாகத் தயார் செய்தவர்கள் இந்த இரண்டு குடும்பங்களாகத்தான் இருக்கும்.

பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்ததே அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான். "அம்மாக்கள்ட்ட சொல்லிடலாமே" என்று கேட்டேன். அபிநயா சிரித்தாள். "லீவ் இட் சார். பொய் சொல்றதுல தே ஆர் ஸோ ஹேப்பி."

3. ஹோட்டல் வரவேற்பறை

அமெரிக்காவிலிருந்து கரோல் என்ற சேர்க்கை அதிகாரி நேர்காணலுக்கு வந்தார். தேரா பகுதியில் ஒரு பெரிய ஹோட்டலில் இறங்கினார். அபிநயாவைக் காலையிலும் தர்ஷிகாவை சாயங்காலமும் வரச் சொல்லி நான் கச்சிதமாக ஏற்பாடு செய்திருந்தேன். நேர்காணலுக்கு முதல் நாள் கரோலிடமிருந்து செய்தி வந்தது. விமான நேரம் மாறிவிட்டது, எல்லாரும் காலை பத்து மணிக்கே வரட்டும், பெற்றோரிடமும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று.

ஒருவர் வருவதை இன்னொருவரிடம் சொல்ல எனக்கு அனுமதியில்லை. நேரத்தை மட்டும் இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட்டு முருகனை வேண்டிக்கொண்டேன்.

பத்து மணிக்கு வரவேற்பறையில் பிரேமாவும் சுகந்தியும் நேருக்கு நேர் நின்றார்கள். இரண்டு பேரும் பட்டுச்சேலை. கார் நிறுத்தப் போன கணவர்கள் எட்டிப் பார்த்தார்களோ என்னவோ, கடைசிவரை உள்ளே வரவில்லை.

"நாத்தனா மகளுக்கு மாப்பிள்ள பாக்க வந்தோம். நீ எங்க இங்கிட்டு?" என்றார் பிரேமா.

சுகந்தி கொஞ்சம் தடுமாறினார். "இஞ்ச ஒரு கண் பரிசோதனை முகாமாம். தர்ஷிகாவுக்குக் கொஞ்சம் பார்வை மங்கல்."

ஐந்து நட்சத்திர ஹோட்டலில் கண் முகாம். பிரேமா அதை நம்பியதுதான் பெரிய ஆச்சரியம். "அய்யய்யோ, சொல்லவே இல்லையே!" என்று தர்ஷிகாவின் கன்னத்தைப் பிடித்துக் கண்ணை உற்றுப் பார்த்தார். அபிநயா சிரிப்பை அடக்க தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தவள் எடுக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து கரோல் வெளியே வந்தார். "அபிநயாவின் பெற்றோர் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிரேமா மேலே தொங்கிய விளக்கை அண்ணாந்து பார்த்தார். "தர்ஷிகாவின் பெற்றோர்?" சுகந்தி கண்ணைக் கசக்கிக்கொண்டார். முகாமுக்கு வந்தவர் அல்லவா. தன் பொய்யைக் காப்பாற்றும் அவசரத்தில், அடுத்த வீட்டுப் பெண்ணின் பெயரும் கூப்பிடப்பட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

அபிநயா எழுந்தாள். தன் பெற்றோரால் வர முடியவில்லை என்றாள், அம்மாவுக்கு இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு. தர்ஷிகாவும் அதையே சொன்னாள். பட்டுச்சேலையில் இருக்கும் இந்த இரண்டு பேரும் யார் என்று கரோல் என்னிடம் கேட்டார். ஹோட்டலில் தங்கியிருப்பவர்கள் போலிருக்கிறது என்றேன். என் முகம் அன்று செய்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது கரோல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வளைகுடா முழுக்கச் சுற்றி வந்தாராம். எல்லா இடத்திலும் பிள்ளையைக் கேள்வி கேட்டால் பெற்றோர் பதில் சொல்கிறார்களாம். இந்த இரண்டு பெண்களும் தனியாக வந்து நின்றார்களே, என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டு வளர்ப்பு என்றேன்.

4. ஒரே நேரத்தில் இரண்டு பேர்

டிசம்பரில் முடிவு வந்தது. அபிநயாவுக்குக் கிடைத்தது. தர்ஷிகாவுக்குக் கிடைக்கவில்லை.

தர்ஷிகா காலையிலேயே என் அறைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் நிதானமாகப் பேசினாள். "நான் ஓகே சார். அபி என்னை விட அதிகமா அழுதுட்டா. அம்மாவைத்தான் எப்பிடி சமாளிக்கிறதெண்டு தெரியேல்லை."

மத்தியானம் சுகந்தி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு உடைந்து அழுதார்.

"பிள்ளைக்குக் கிடைக்காதது ஒரு பக்கம் சேர். எனக்கு என்ன கவலை வந்தாலும் நான் முதல்ல ஓடிறது பிரேமா சமைச்சுக்கொண்டு நிக்கிற குசினிக்குத்தான். இதைக் கொண்டு நான் எங்க போறது? அவவுக்கு மலேசியா எண்டெல்லோ சொல்லி வச்சிருக்கிறன்."

மறுநாள் பிரேமா வந்தார். சந்தோஷப்பட வேண்டியவர் முகம் தொங்கிப்போய் இருந்தது.

"சீட்டு கிடைச்சதுல இருந்து தூக்கமே இல்ல சார். மதிலுக்கு அந்தப் பக்கம் கேக்கிற மாதிரி கத்தணும்போல இருக்கு. அவகிட்ட சொல்லாம இது என்ன சந்தோஷம்? போன வாரம் அவ கேட்டா, கோயம்புத்தூர்ல ஹாஸ்டல் பாத்தாச்சான்னு. பாத்தாச்சுன்னு சொன்னேன். அப்பறம் எந்த மூஞ்சிய வச்சுட்டு..."

இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் அப்பாயின்ட்மென்ட் கொடுப்பது என் கையில்தான் இருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னேன். வந்ததும், "அபிநயா பத்தி ஒண்ணு பேசணும், தர்ஷிகா பத்தி ஒண்ணு பேசணும். ரெண்டும் ஒரே யுனிவர்சிட்டி பத்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஹோட்டல், பட்டுச்சேலை, கண் முகாம் எல்லாம் அவர்கள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது.

"அபிக்குக் கிடைச்சிட்டுதோ?" என்றார் சுகந்தி, மெதுவாக.

பிரேமா தலையை ஆட்டினார். "தர்ஷிக்கு?"

சுகந்தி இல்லை என்று கையை விரித்தார். பிரேமாதான் முதலில் அழுதார். எழுந்து வந்து சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கே அவ அடுத்த அப்ளிகேஷன எடுத்துட்டு வா. எல்லாத்தையும் ஒண்ணா உக்காந்து பாப்போம். இனிமே எவன் கண்ணு பட்டா எனக்கென்ன."

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். "இவ்வளவு நாளும் எல்லாம் தெரிஞ்சும் வாய்க்குள்ள கொழுக்கட்டையோ சேர் வச்சிருந்தனீங்கள்?" என்றார் சுகந்தி. "ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா சார்?" என்றார் பிரேமா. அன்று வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளைகள் விஷயத்தில் நான் வாங்கிய திட்டுகளில் சந்தோஷமாக வாங்கியது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ரகசியம் என்று சொல்லிக் கதவைச் சாத்தும் ஒவ்வொரு பெற்றோரிடமும் நான் முதலில் ஒரு கேள்வி கேட்பதுண்டு. முடிவு வந்ததும் யாரிடம் முதலில் ஓடுவீர்கள்? அந்த ஒரு ஆளிடம் மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள் என்பேன். பாதிப் பேர் கேட்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வாசல்வரை போன சுகந்தி நின்று பிரேமாவிடம் கேட்டார்.

"அங்க கடும் குளிராம். அபிக்கு ஜக்கெட் வாங்கிட்டீரோ?"

"இல்ல. யாராச்சும் பாத்தா தெரிஞ்சுரும்னு கடைக்கே போகல."

"வாங்காதையும். தர்ஷிகாவுக்கு வாங்கினது என்ரை அலுமாரிக்குள்ள ஒளிச்சு வச்சபடி கிடக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே."