யாரும் பார்க்காத எரிமலை

நசுக்கிய இஞ்சியும் சீனியும் வெயிலில் சேர்ந்து புளிக்கும்போது மூக்கில் ஏறித் தும்மல் வரவைக்கும் ஒரு வாசம் உண்டு. மார்கழி பிறந்துவிட்டால், கடலோரம் டச்பாரில் இருந்த டொரீன் வீட்டு வளவு முழுக்க அந்த வாசம்தான். டொரீன் என்னோடு ஏழாம் ஆண்டில் படித்தவள், ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் வீட்டுப் பெண். அவளுடைய அம்மாவை நான் ஆன்ட்டி என்பேன். யேசு பிறந்த நத்தாருக்கென்று ஆன்ட்டி காய்ச்சும் "ஜிஞ்சர்பியர்" பழைய போத்தல்களில் நிரம்பும். தக்கையை இறுக்கி அடித்து, அது தெறித்துவிடாதபடி சணலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, போத்தல்களைக் கழுத்து மட்டும் வெளியே தெரிய மணலில் புதைத்துவைப்பார். வெடித்தாலும் கண்ணாடி மண்ணோடு கிடக்கட்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. "முகத்த அதுக்கு நேர கொண்டு போகாதீங்க புள்ளயள்" என்று அவர் சொல்லாத நாளில்லை.

அந்த வருடம் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு எரிமலை செய்வோம் என்று டொரீன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாவியும் வயலும் கடலுமாகத் தட்டையாய்க் கிடக்கும் ஊர் எங்களுடையது; ஏறி நின்று பார்க்க ஒரு குன்றுகூடப் பக்கத்தில் இல்லை. "மலையையே கிட்டப் பாக்காத நமக்கு எரிமலை கேக்குதோ?" என்றேன். அவள் விடுவாளா? எதையும் வாசித்துவிட்டால் அதை யாருக்காவது சொல்லி முடிக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

"இஞ்ச கேளுகா. பூமிக்குள்ள கல்லு உருகிக் கிடக்கு. அதுக்குள்ள காத்தும் கரைஞ்சி கிடக்கு, இந்தப் போத்தலுக்க கிடக்கிற மாதிரி. மேல பாரம் அமத்திக்கொண்டிருக்குமட்டும் அது சும்மா கிடக்கும். உருகின கல்லு மேல ஏற ஏறப் பாரம் குறையும். அப்ப காத்து குமிழ் குமிழா ஊதிப் பெருத்து, கல்லையும் தள்ளிக்கொண்டு வரும். வாய் அடைச்சிருந்தா வெடிக்கும்."

"அடைக்காட்டி?"

"மெல்ல மெல்லக் காத்துப் போயிடும். அந்த மலை பெரிசா வெடிக்காது, சும்மா வழியும்" என்றாள், அப்படிப்பட்ட மலையின் மேல் அவளுக்கு மரியாதையே இல்லாத குரலில்.

வாவிக் கரையில் களிமண் அள்ளி மலை பிடித்தோம். நடுவே ஜிஞ்சர்பியர் போத்தல் ஒன்றை நிறுத்தினோம். கக்கும் நுரை சிவக்கட்டும் என்று வாயைச் சுற்றிக் குங்குமம் தூவினேன். அது அம்மாவின் சுவாமி அறையிலிருந்து நான் எடுத்த குங்குமம். அதற்கு வாங்கிய ஏச்சைத் தனியாக எழுதலாம்.

அப்போது சமாதான காலம். துவக்குச் சத்தம் ஓய்ந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்தாலும் எங்கள் உடம்புகளுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. மண்டபம் நிறைய ஆட்கள். நடுவர்கள் எங்கள் மேசைக்கு வந்ததும், வெயிலில் வைத்துக் குலுக்கியிருந்த போத்தலின் சணலை டொரீன் அறுத்தாள். தக்கை போய்த் தகரக் கூரையில் அடித்த அடியில் மண்டபமே தரையில் விழுந்தது. அதிபர், ஆசிரியர்கள், நடுவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வந்த தாய்மார், எல்லோரும் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குப்புறக் கிடந்தார்கள். மலையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். சிவந்த நுரை பொங்கி எழுந்து, களிமண் சரிவெல்லாம் வழிந்து, மேசை விளிம்பில் சொட்டியது. அவ்வளவு அழகான ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆட்கள் தூசி தட்டி எழும்பி, ஒருவரையொருவர் பார்த்து வெட்கத்தோடு சிரித்து முடிப்பதற்குள் நுரை அடங்கிவிட்டது. பரிசு, மாதிரி ரயில் செய்த பெடியன்களுக்குப் போனது.

"ஒருத்தரும் பாக்கல்லகா" என்று டொரீன் வழியெல்லாம் அழுதாள்.

நத்தாருக்கு முதல் நாள், கட்டிய சணலோடு ஒரு போத்தலை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "ஞாயித்துக்கிழமை வாறன். உங்கட ஆக்கள் எல்லாரையும் கூப்பிட்டு இருத்து. மறுகா ஒருக்கா வெடிக்க வைப்பம். நான் இல்லாமத் தொட்டியோ, தெரியும்தானே!"

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கடல் வந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த டச்பார் மணலில் வீடுகள் நிற்கவில்லை. டொரீனும் ஆன்ட்டியும் போய்விட்டார்கள். தேவாலயத்துக்கு முன்னதாகவே புறப்பட்டிருந்த அவளுடைய அப்பா மட்டும் மிஞ்சினார். ஆன்ட்டியைக் கண்டெடுத்தார்கள். டொரீனைக் கண்டெடுக்கவில்லை. வாவிக்கு இப்பால் இருந்த எங்கள் வீட்டில், என் கட்டிலின் கீழ், போத்தல் அப்படியே இருந்தது.

கடலுக்குள் எரிமலை வெடித்துத்தான் தண்ணீர் வந்ததென்று அகதி முகாமிலும் சந்தியிலும் கதைத்தார்கள். இல்லை, நிலம் நடுங்கித்தான் வந்தது என்று ஆசிரியர் சொன்னார். டொரீன் இருந்திருந்தால் முகாம் முகாமாகப் போய் எல்லோரையும் திருத்தியிருப்பாள் என்று நினைத்து நினைத்து அழுதேன். "வெடிச்சுக் கண்ணக் கிண்ணப் பறிச்சுப் போடும், வெளியில வை" என்று அம்மா போத்தலைக் கண்டபோதெல்லாம் சொன்னார். நான் அதை ஈரச்சாக்கில் சுற்றி மணல் நிரப்பிய வாளியில் புதைத்துவைத்தேன். சண்டை மறுபடி தொடங்கி, சனம் மூட்டை முடிச்சோடு ஓடிய நாட்களிலும் அந்த வாளி அசையவில்லை.

சண்டை முடிந்ததென்று அறிவித்த அன்று பட்டணத்தில் பட்டாசு கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு, இது பட்டாசுதான், பட்டாசுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் மணலைத் தோண்டிப் போத்தலை எடுத்தேன். சணல் உக்கியிருந்தது. தக்கையைத் தொட்டதும் கையோடு வந்தது. ஒரு சத்தமும் இல்லை. இத்தனை வருடத்தில் காற்றெல்லாம் எனக்குத் தெரியாமலே கசிந்து போயிருந்தது.

இப்போது அந்த மணல்திட்டில் டொரீன் வீடு எந்த இடத்தில் நின்றதென்று எனக்கே காட்டத் தெரியாது. மிஞ்சிய பறங்கியர் குடும்பங்கள் கடலை விட்டு ஊருக்குள்ளே குடியேறிவிட்டன. நத்தாருக்கு மணலில் போத்தல் புதைப்பாரை நான் காணவில்லை. சென்ற தவணை என் மகளின் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. அவளும் எரிமலைதான் செய்திருந்தாள், கடைச்சோடாப் போத்தலை வைத்து. மூடி "டப்" என்று தெறித்ததுதான் தெரியும். நான் சேலையோடு தரையில் கிடந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் என் வயதுத் தாய்மார் இன்னும் சிலரும் தரையில். பிள்ளைகள் ஒருவர்கூட விழவில்லை. எல்லோரும் நின்று, வாய் பிளந்து, பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, எழும்புங்க, எல்லாரும் பாக்குறாங்க. நல்லா வந்துச்சு, நீங்க பாக்கல்லியா?"

"இல்ல மகள். இன்னொருக்கா செய்."

"போத்தல் முடிஞ்சிட்டு. நாளைக்குச் செய்து காட்டுறன்."

"நாளைக்கு வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. வெயிலில் இறங்கிப்போய் வாசல் கடையில் ஒரு சோடா வாங்கி, முகத்துக்கு நேரே வராமல் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். விழ இடமில்லாதபடி முதலிலேயே தரையில் அமர்ந்துகொண்டேன். மகள் மூடியைத் திறந்தாள். கைகள் தலையை மூடப் போயின; கண்ணை மட்டும் மூடவில்லை. சிவந்த நுரை பொங்கி வழிந்து மேசை விளிம்பில் சொட்டியது.

எல்லோரும் பார்த்தார்கள், டொரீன். நானும் பார்த்தேன்.