வாசலில் சாய்ந்திருந்த கம்பு

சால் மரம் பூக்கும்போது ஒரு வாசனை வரும். வெயிலில் காய்ந்த துணியும் துளி தேனும் சேர்ந்ததுபோல...

முந்தாநாள் காலை லேக் ஓரம் நடக்கும்போது எங்கிருந்தோ அப்படி ஒன்று வந்து மூக்கைத் தொட்டது. அவ்வளவுதான். கரியாஹாட் சந்தையில் வாங்க வேண்டிய காய்கறியெல்லாம் மறந்துபோய், நினைப்பில் ஜார்கிராம் பக்கத்துக் காட்டுக்குள் போய்விட்டேன்.

என் முதல் வேலை அது. பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடி அறை, அதுதான் ஆபீஸ். ஊருக்குச் சொந்தமாகக் காடு வைத்திருப்பவர்களை, அதேபோல் காடு வைத்திருக்கும் இன்னோர் ஊருக்கு அழைத்துப்போய், ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ள வைக்க வேண்டும். எனக்கு அந்த வேலை கிடைக்க ஒரே காரணம், வீட்டில் தமிழ், வெளியே வங்காளம். அப்பா துறைமுக வேலைக்கு வந்து லேக் கார்டன்ஸில் தங்கிவிட்டதன் பலன். மரம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் தெருவில் சிவப்பாகப் பூக்கும் கிருஷ்ணசூடா மட்டுமே.

ஒரு பங்குனியில் சேலம் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து ஒரு குழு வந்தது. அதில் காவேரியக்கா. ஹவுராவில் இறங்கியதிலிருந்து அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. ரயிலில்தான் சொன்னார்.

"காவலுக்கு ஆளே வர மாட்டேங்குறாங்க கண்ணு. காட்டைக் குத்தகைக்கு விட்ரலாம்னு பேச்சு. நான் திரும்பிப் போனதும் ஊர்க்கூட்டம். வேண்டாம்னு சொல்ல நான் ஒருத்திதான்."

ஜார்கிராம் பக்கத்து ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. எனக்கும் அக்காவுக்கும் மாலதி பௌதி வீட்டில் இடம். பௌதி என்றால் இங்கே அண்ணி. பொரியும் வெல்லமும் சால் இலையில் வைத்துக் கொடுத்தார்கள். தின்றுவிட்டு அடித்துப்போட்டதுபோல் தூங்கினோம்.

காவேரியக்காவுக்குச் சும்மா இருக்க வராது. விடிந்ததும் விளக்குமாறை எடுத்து, விருந்தாளி என்ற நினைப்பே இல்லாமல் வாசலைக் கூட்டினார். கதவோரம் ஒரு கம்பு சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மறந்து வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று அதை எடுத்து அந்த வீட்டு வாசலில் சாய்த்துவிட்டு வந்தார்.

பக்கத்து வீடு நிதாய்தாவுடையது; 'தா' என்றால் அண்ணன். அன்றைக்கு அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வாசலெல்லாம் கோலம், வீட்டுக்குள் ஒரே அமளி. ஆனால் மனிதரைப் பகல் முழுக்கக் காணவில்லை.

சாயங்காலம் இரண்டு ஊர்க்காரர்களும் உட்கார்ந்த கூட்டத்தில்தான் விஷயம் தெரிந்தது. அந்த ஊரில் காவல் முறையை ஒரு கம்புதான் சொல்லுமாம். காவல் முடித்தவர் அடுத்த வீட்டு வாசலில் அதைச் சாய்த்துவிடுவார். காலையில் யார் வாசலில் கம்பு இருக்கிறதோ, அன்று அந்த வீட்டிலிருந்து ஒருவர் காட்டுக்குப் போக வேண்டும்.

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் காவேரியக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயையோ... நான்தானே எடுத்து வெச்சேன்!"

நிதாய்தா முதல்நாள்தான் காவல் முடித்து, கம்பை மாலதி பௌதி வாசலில் வைத்திருக்கிறார். விடிந்து பார்த்தால் கம்பு திரும்ப அவர் வாசலிலேயே நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டாரை மனைவி தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"நேத்துதானே போனீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார் அக்கா. வங்காளத்தில் கேட்டேன்.

நிதாய்தா சிரித்தார். அவர் சொன்னது தமிழில் இப்படி: "வாசல்ல கம்பு இருந்துது, போனேன். யாரு எவருன்னு விசாரிச்சிட்டு நின்னா அதுக்குள்ள மரம் போயிடும்."

அவர் மனைவி மட்டும் நாங்கள் கிளம்பும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கோபம் இருக்காதா பின்னே!

காவேரியக்கா நிதாய்தாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு, "எங்க ஊர்ல முறைன்னு சொன்னா அன்னிக்குத்தான் எல்லாருக்கும் தலவலி வரும்" என்றார். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் மாலதி பௌதியின் முறை. அக்கா கம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவரோடு காட்டுக்குக் கிளம்பினார். மொழிபெயர்க்க நானும் போனேன். அங்கே மொழிபெயர்க்க என்ன இருந்தது! பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. முடியில், தோளில், கம்பின் நுனியில்... மூவரும் நடந்தோம். அந்த நடை முடியவே வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

குழு சேலம் திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் அம்மாவின் இட்லி. சாயங்காலம் அக்காவை லேக்குக்குக் கூட்டிப்போனேன். மரங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுக்கெல்லாம் இன்னிக்கு யாரு முறை கண்ணு?"

"கவர்மென்ட் பாத்துக்கும்க்கா" என்றேன்.

கொஞ்ச நாளில் ஆபீஸுக்குக் காவேரியக்காவின் போன் வந்தது. காடு குத்தகைக்குப் போகவில்லை. தங்கள் காட்டிலேயே விழுந்த கிளையில் கம்பு செய்து, முதலில் தன் வாசலிலேயே சாய்த்தாராம்.

இப்போது இந்தப் பயணங்களெல்லாம் பாதி ஸூமில் நடக்கின்றன. ஸ்க்ரீனில் காடு தெரிகிறது, வாசனை வருவதில்லை.

முந்தாநாள் லேக்கிலிருந்து வந்ததும் காவேரியக்காவுக்கு போன் போட்டேன். பேசி முடித்ததும் ஒரு போட்டோ அனுப்பினார். புது டைல்ஸ் வாசல், ஒரு ஸ்கூட்டர், பக்கத்தில் அந்தக் கம்பு. கூடவே வாய்ஸ் மெசேஜ்: "இன்னிக்கு எம் மருமவ முறை கண்ணு. உங்க ஊர்ல யாரு முறை?"

புயலில் எங்கள் கிருஷ்ணசூடா சாய்ந்தபிறகு, குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து தெருமுனையில் கன்றுகள் நட்டோம். நட்ட அன்று போட்டோவுக்கு எல்லோரும் இருந்தோம். தண்ணீர் யார் ஊற்றுவது என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால் கட்டைவிரல்தான் வரும்.

முந்தாநாள் மாலை வாளியோடு கீழே இறங்கினேன். ஊற்றி முடித்து, காலி வாளியை எதிர்வீட்டு வயதான மாஷிமா வாசலில் வைத்துவிட்டு வந்து, சின்னப் பெண்போலக் காத்திருந்தேன்.

நேற்றுக் காலை கதவைத் திறந்தேன். வாளி என் வாசலில் இருந்தது. பளிச்சென்று கழுவித் துடைத்து... பாவம், நான் மறந்துபோய் வைத்துவிட்டதாக நினைத்திருக்கிறார்.

சிரிப்புதான் வந்தது.

வாசலில் வந்து நிற்கிறதே, என்ன செய்ய... எடுத்துக்கொண்டு போனேன்.