பேர் வெட்டப்பட்ட சிப்பாய்

ஈர விறகுப் புகை மூக்கில் ஏறும்போதெல்லாம், சதுரங்கத்தில் தோற்ற எரிச்சலும் எனக்குச் சேர்ந்தே ஏறிவிடும். அடைமழை மாதமொன்றில், பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்த சதுரங்கப் பெட்டியை அக்கா தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் லயத்து வீட்டில் திறந்தபோது, உள்ளே விதிகள் அச்சடித்த தாள்கள் இரண்டு இருந்தன. முதல் தாளை அவள் படித்து முடிப்பதற்குள், நனைந்த விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அம்மா இரண்டாவதைச் சுருட்டி, தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்.

ஆகவே குதிரை தாவுவதும், கோட்டை நேராக ஓடுவதும், மந்திரி மூலைவாட்டில் பாய்வதும், சிப்பாய் முன்னால் மட்டும் நடந்து குறுக்கே வெட்டுவதும் எங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்தன. கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் என்னாகும் என்பது மட்டும் தேத்தண்ணியாகிவிட்டது. அதற்கு அக்காவே சட்டம் போட்டாள். அவளுக்கு ராஜா தோட்டத்தை ஆளும் "தொர", ராணி அவர் மனைவி "தொரசாணி", சிப்பாய்கள் கூலிக்கு உழைக்கும் "ஆளுங்க". "கொழுந்தெடுக்குற மலை முடிஞ்சிருச்சுல்ல, இனி அந்த ஆளுக்கு என்னா வேல? பேர் வெட்டு!" என்று காயைத் தூக்கி வெளியே வைத்துவிடுவாள். வேலை நின்றவரின் பெயரைத் தோட்டத்துப் பதிவிலிருந்து நீக்குவதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நியாயமான சட்டமாகத்தான் எனக்கும் பட்டது.

பிறகு ஹட்டனில் நடந்த பள்ளிக்கூடச் சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் வென்றால், நுவரெலியாவுக்குப் போகும் அணியில் எனக்கு இடம். வென்றுவிட்டதாகவே லயம் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன். அடக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு.

என் சிப்பாய் கடைசிக்கு முந்தின கட்டத்தில் நின்றது. முன்னால் காலிக் கட்டம். இன்னோர் அடி வைத்தால் பேர் வெட்டிவிடுவார்களே என்று, அந்த நல்ல உழைப்பாளியைக் காப்பாற்ற, ராஜாவை இங்குமங்கும் உலாத்தவிட்டேன். எதிரே இருந்த கண்ணாடிக்காரப் பையன் இதில் ஏதோ பெரிய பொறி இருப்பதாக எண்ணி வியர்த்துப்போனான். பிறகு தன் சிப்பாயைத் தள்ளித் தள்ளிக் கடைசி வரிசைக்குக் கொண்டுவந்தான். அதை அப்புறப்படுத்த நான் பெருந்தன்மையோடு கை நீட்டினேன். அவனே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ராணியை வைத்தான்.

"கள்ளாட்டம் சேர்!" என்று நான் கத்தியதில் மண்டபமே திரும்பியது.

நடுவராக இருந்த ஆசிரியர் குனிந்து பலகையைப் பார்த்தார். "கடைசி வரிசைக்குப் போன சிப்பாய் ராணியாகலாம் தம்பி. கோட்டை, குதிரை, மந்திரின்னு எதுவேணும்னாலும் ஆகலாம். ஒங்க சிப்பாய் அப்பவே ஆகியிருக்கலாமே, ஏன் நிப்பாட்டி வச்சீங்க?"

"எங்க தோட்டத்துல அப்பிடியெல்லாம் ஆகாதுங்க சேர்."

எல்லோரும் சிரித்தார்கள். புது ராணியை வைத்து அவன் ஒவ்வொரு நகர்த்தலிலும் செக் வைத்ததில் என் சிப்பாயைத் தள்ள வாய்ப்பே வரவில்லை; நான்கே நகர்த்தலில் என் "தொர" சிக்கிக்கொண்டார். நுவரெலியாவுக்குக் கண்ணாடிக்காரன் போனான்.

வீட்டுக்கு வந்து அக்காவோடு மல்லுக்கு நின்றேன். அவள் அசையவில்லை. "ஆளு தொரசாணியானத நீ எங்கடா பாத்த?" என்றாள். அம்மா அடுப்படியிலிருந்து, "அந்தத் தாளு நல்லாத்தான் எரிஞ்சிச்சு" என்றார்.

இப்போது அந்தப் பலகை இல்லை. அடுப்பும் காஸ் அடுப்பாகிவிட்டது. விடுபட்ட விதிக்கு அக்காக்கள் சட்டம் போட்ட காலமும் போய்விட்டது, எல்லாவற்றையும் கைப்பேசியே சொல்லிவிடுகிறது. நேற்று அதில் மகளோடு விளையாடியபோது, என் சிப்பாய் மறுபடியும் கடைசிக்கு முந்தின கட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

"தள்ளுங்கப்பா, ஒரு கட்டந்தானே!" என்று அவள் பொறுமையிழந்து கத்திய பிறகுதான் என் விரலைக் கவனித்தேன். அது ராஜாவின் மேல் இருந்தது.