சிரித்துக்கொண்டே கேட்டாள்

அந்தத் தீவுக்குப் போகிறோம், போகிறோம் என்று சொல்லியே அவர்களுக்கு வயசாகிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் கோடை பிறந்ததும் கிளெண்டா போன் குழுவில் தீவின் படத்தைப் போடுவாள். எல்லாரும் இதயமாக அள்ளிக் கொட்டுவார்கள். கிளம்பும் நாள் நெருங்கினால் ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருவனுக்கு மாமனார் வருகை, மற்றவளுக்கு லீவு கிடைக்கவில்லை. வாயாலேயே வடை சுடுகிற கூட்டம்.

இந்த ஏப்ரலில் மட்டும் அது நடந்துவிட்டது. காரணம் ஜோனலின். அடுத்த வியாழக்கிழமை அவள் வீட்டு வேலைக்காகக் குவைத்துக்கு விமானம் ஏறுகிறாள். இரண்டு வருஷத்துக்கு ஆளைப் பார்க்க முடியாது. "இதுக்கும் வரலைன்னா நீங்கல்லாம் மனுஷ ஜென்மமே இல்ல" என்று கிளெண்டா எழுதினாள். அப்படியும் நாலு பேர்தான் தேறினார்கள். ஜோனலின், கிளெண்டா, மாயெத், போங். நாலு பேரும் மீன்பிடித் துறையான நவோத்தாஸில் மத்தி மீன் டப்பா கம்பெனியில் ஒரே வரிசையில் நின்று மீன் அடுக்கியவர்கள். கம்பெனி மூடியபிறகு போங் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறான். மாயெத் வீட்டு வாசலில் சோறும் கறியும் விற்கிறாள். ஜோனலினுக்கு மட்டும் எதுவும் ஒட்டவில்லை. ஊரார் துணியைத் துவைத்துத் துவைத்துக் கை வெந்ததுதான் மிச்சம்.

புருஷன் தெற்கே தூரத்துத் தாவாவோவில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். அவன் கதையை விடுங்கள், அவனைப் பேசி என்ன ஆகப்போகிறது. அவளுக்கென்று இருப்பது ஐரா ஒருத்திதான். எட்டு வயது மகள். அந்த ஐராவை எங்கே விட்டுவிட்டுப் போவது என்பதுதான் அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம்.

எல்லாரிடமும் ஒரு பதில் சொல்லிவைத்திருந்தாள். "புலாக்கான்ல அவ பெரியப்பா வீட்டுல விடறேன்." பெரியப்பா என்பது புருஷனின் அண்ணன் ரோமி. அவன் பெண்டாட்டி விடியுமுன்னே காய்கறிச் சந்தைக்குப் போய்விடுவாள். "நம்ம ரத்தம், நான் பாக்காம வேற யாரு பாப்பாங்க" என்று ரோமியே வலிய வந்து சொன்னான். அக்கம்பக்கத்தார் அவனை மெச்சினார்கள். ஆனால் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் தங்கியபோது, ஐரா குளியலறைக்குப் போகமாட்டேன் என்றாள். அம்மா கதவுக்கு வெளியே நின்றால்தான் போவேன் என்று அடம்பிடித்தாள். ஏனென்று கேட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஜோனலின் அதற்குமேல் கேட்கவில்லை. துருவிக் கேட்கவும் பயம். என்ன பதில் வருமோ என்ற பயம். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டாள்.

இதை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள், மாயெத்திடம். மாயெத் ஐராவின் ஞானத்தாய். கோயிலில் ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற நாளிலிருந்து தோழிகள் இருவரும் ஒருவரையொருவர் 'மாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பிள்ளைக்குத் தாய் இல்லாத காலத்தில் தாயாக நிற்பேன் என்று சாமியார் முன்னால் மாயெத் சொன்ன வார்த்தை ஜோனலினின் காதிலேயே நின்றது. தீவுக்குப் புறப்படும்போது மகளிடம் சொல்லியும்விட்டாள். "ஞானத்தாய் வீட்டுலயே இருக்கலாம்டா. அம்மா கேட்டுட்டு வரேன்."

"அவங்க வீட்டு பாத்ரூம்ல தாழ்ப்பாள் இருக்காம்மா?" என்றாள் ஐரா.

"இருக்கு. பெரிய தாழ்ப்பாள்."

நேராகப் போய்க் கேட்டுத் தொலைத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் எங்கள் ஊரில் பெரிய விஷயத்தை யாரும் நேராகக் கேட்பதில்லை. நேராகக் கேட்டு எதிராளி இல்லை என்று சொல்லவேண்டி வந்தால் அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? அதனால் கேலியாகக் கேட்போம். சிரித்துக்கொண்டே ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். மனசிருந்தால் எதிராளி சிரிப்பை நிறுத்திவிட்டு, 'நிஜமாவா சொல்ற?' என்பாள். மனசில்லையென்றால் அவளும் சிரிப்பாள், விஷயம் அங்கேயே காற்றில் போய்விடும். கல்யாணம், கடன், நிலம், பிள்ளை எல்லாம் எங்களுக்கு இப்படித்தான். நல்ல பழக்கம் என்றா சொல்கிறேன்? இப்படித்தான் வளர்ந்து தொலைத்தோம்.

மாயெத்தின் வீட்டில் கேட்க முடியாது, அவள் புருஷன் எந்நேரமும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான். தீவில் கடல் இருக்கும், காற்று இருக்கும், கைமாறும் ஒற்றைக் கிளாஸ் இருக்கும். அங்கே மாயெத்தின் மனசு இளகும் என்று ஜோனலின் கணக்குப் போட்டாள். பாவி, ஒரு பிள்ளையின் உயிரையே அந்த ஒரு ராத்திரிச் சிரிப்பின்மேல் கட்டிவைத்தாள்.

மலிவுப் பயணம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. குபாவோ பஸ் நிலையத்திலிருந்து ராத்திரி முழுக்க ஏ.சி. இல்லாத பஸ்ஸில் நடுவழியில் மடக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போனார்கள். கெட்டுப்போகாத புளிக்கறியை மாயெத் வாளி நிறையச் சமைத்து எடுத்துவந்திருந்தாள். அரிசி, கரி, நூடுல்ஸ் எல்லாம் முதுகில். கூடாரம் கிளெண்டாவின் தம்பியுடையது, அதன் ஜிப் ஓடாது. துறையில் படகுக்காரர் இவர்களையும் வேறு இரண்டு கூட்டத்தையும் ஒரே படகில் அடைத்தார். மூங்கில் கைகளை இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்த அந்தப் படகு, திறந்த கடலுக்கு வந்ததும் குதிக்கத் தொடங்கியது. அலை வந்து மூஞ்சியில் அறைந்தது.

"ஜோனா, நல்லா குடிச்சுக்க! குவைத்துல மணல்தான், தண்ணி கெடயாது" என்று கத்தினான் போங்.

"உன் வாயில மொதல்ல மணலைப் போடணும்டா" என்றாள் கிளெண்டா. அவள் வாந்தியெடுக்கப் பையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மாயெத் ஜோனலினின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், தீவு வரும்வரை விடவேயில்லை. ஜோனலினுக்கு நெஞ்சு லேசானது. கேட்டால் சரியென்று சொல்லிவிடுவாள் என்று அப்போதே நம்பிவிட்டாள்.

தீவில் மணல் மாவாக இருந்தது. அழகுதான், யார் இல்லையென்றார்கள். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை, கரண்டு இல்லை. ஒரு வாளி நல்ல தண்ணீருக்குத் தீவுக்காரர்கள் கை நீட்டிக் காசு வாங்கினார்கள். மத்தியானம் தென்னை நிழலில் மாயெத்தின் தலையில் உப்பு பிசுபிசுக்க ஜோனலின் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுல இப்ப எப்படி மாரே, எடமெல்லாம்?" என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"எடமா? மாமியா வர்றாங்களாம் மாரே. அடுத்த மாசத்துலருந்து எங்ககூடத்தானாம். எங்க படுக்க வைக்கறதுன்னே தெரியல. அடுப்பு மேலதான் படுக்கணும் நான்." சொல்லிவிட்டு மாயெத் கலகலவென்று சிரித்தாள்.

ஜோனலினும் சிரித்தாள். மாமியார் ஒரு மூலையில் படுத்தால் குழந்தை இன்னொரு மூலையில் படுத்துக்கொள்ளாதா? எட்டு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு இடம் வேண்டும்? இப்படித் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு சீப்பை இழுத்தாள். "ஐயோ, வலிக்குதுடீ!" என்றாள் மாயெத்.

பொழுது சாய்ந்ததும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரே கிளாஸ்தான். போங் ஜின்னை ஊற்றிக்கொடுக்கிற ஆள். முதல் சொட்டைக் கண்ணுக்குத் தெரியாத ஆவிகளுக்கென்று மணலில் கவிழ்த்தான். பிறகு கிளாஸ் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. புளிக்கறி சூடாகிக்கொண்டிருந்தது. பழைய சூப்பர்வைசரின் நடையை போங் நடித்துக் காட்டினான். கிளெண்டாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. எல்லார் முகமும் கனிந்திருந்தது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தோன்றியது.

கிளாஸ் ஜோனலினிடம் வந்தது. ஒரே மூச்சில் குடித்தாள். போன பல்லை மறைக்க எப்போதும் செய்வதுபோல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மாரே, ஐராவை உனக்கே வித்துடறேன்டீ. ஒரு பெட்டி மத்தி குடு, போதும். ரெண்டு வருஷம் வெச்சுக்க."

எல்லாரும் சிரித்தார்கள். மாயெத் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் கண்ணைப் பார்த்தாள். ஜோனலின் காலிக் கிளாஸைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். சிரிப்பை நிறுத்து மாரே, நிஜமாவா என்று கேளேன், ஒரு வார்த்தை கேளேன் என்று உள்ளே கதறினாள்.

"ஒரு பெட்டியா?" என்றாள் மாயெத். "ஓசியில குடுத்தாக்கூட வேணாம்டீ! உன் பொண்ணு திங்கற சோத்துக்கு நான் கப்பல்ல வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கணும்!" அவள் தொடையைத் தட்டிச் சிரித்தாள்.

"நான் வாங்கிக்கறேன் ஜோனா, தவணையில" என்றான் போங்.

"உனக்கு உன் வண்டிக்கே தவணை கட்ட வக்கில்ல" என்றாள் கிளெண்டா.

எல்லாரையும்விடச் சத்தமாக ஜோனலின்தான் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஜின் காரம் என்று துடைத்துக்கொண்டாள். கிளாஸ் அடுத்த கைக்குப் போய்விட்டது. சிரித்துக் கேட்டு, சிரித்துப் பதில் வாங்கியாயிற்று. அதற்கப்புறம் அழுதுகொண்டு கேட்பது எங்கள் ஊரில் அடுத்தவள் முகத்தில் துப்புவதற்குச் சமம். மணலைக் கையால் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டே இருந்தாள். மாயெத் விளையாட்டு என்றுதான் நினைத்திருப்பாள், அவளுக்குப் புரிந்திருக்காது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். புரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாளா?

அந்த நம்பிக்கையோடுதான் மறுநாள் எழுந்தாள். முகமும் வேண்டாம், மானமும் வேண்டாம், காலில் விழுந்தாவது நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். வாளித் தண்ணீரில் உப்பைக் கழுவிக்கொண்டிருந்த மாயெத்திடம் போனாள்.

"மாரே, நேத்து நான் சொன்னது..."

"ஐயோ, சீக்கிரம் குளி மாரே! கடல் ஏறுதாம், படகுக்காரர் கத்தறாரு." மாயெத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கடல் அப்படியொன்றும் ஏறியிருக்கவில்லை. படகுக்காரர் காலை நீட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது மாயெத் படகின் முன்பக்கம் கிளெண்டாவோடு உட்கார்ந்துகொண்டாள். துறையில் இறங்கி பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் ஆளைக் காணோம். வெகுநேரம் கழித்துச் சந்தைப் பக்கமிருந்து வந்தாள், இரண்டு கையிலும் பை. ஊர் திரும்புகிறவர்கள் வீட்டுக்கு ஏதாவது வாங்கிப்போவது வழக்கம்தான், ஒரு பொட்டலம் கருவாடு, அதற்குமேல் என்ன. மாயெத்தோ ஒரு பல் பூண்டுக்குப் பேரம் பேசுகிறவள். அவள் ஒரு பையைத் திறந்து காட்டினாள். பளபளக்கும் கறுப்புப் பள்ளிக்கூட ஷூ, புத்தகப் பை, பூப்போட்ட கவுன் இரண்டு, அந்த ஊர்ப் பருப்பான பிலிக் கொட்டையில் செய்த மிட்டாய் ஒரு மூட்டை.

"என் ஞானமகளுக்கு" என்றாள். ஜோனலினின் முகத்தைப் பார்க்கவில்லை. பையின் காதை அவள் விரல்களில் மாட்டிவிட்டு, விரல்களை ஒரு தரம் இறுக்கிப் பிடித்தாள். "என்னால தர முடிஞ்சது இவ்வளவுதான் மாரே."

அப்போதுதான் ஜோனலினுக்குப் புரிந்தது. நேற்றே மாயெத்துக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. குளியலறைக் கதவு முதற்கொண்டு எல்லாம் தெரிந்தேதான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். கோபம் வந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். வரவில்லை. மாயெத்தின் புருஷன், மாமியார், அந்த ஒற்றை அறை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. தானாயிருந்தாலும் வேறென்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்தாள், அந்த நினைப்பு இன்னும் மோசமாயிருந்தது.

"ரொம்ப நன்றி மாரே. இவ்வளவு எதுக்குடீ" என்றாள், சிரித்தபடி.

பக்கத்து வீட்டிலிருந்து ஐராவை அழைத்துவந்தபோது, பிள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு அறை முழுக்க டக்டக்கென்று நடந்தாள். ஷூ பெரிதாயிருந்தது. "ஞானத்தாய் வாங்கினதா? அப்ப நான் எப்பம்மா அங்க போறேன்?"

ஜோனலின் குனிந்து ஷூ வாரை இறுக்கிக் கட்டினாள். குவைத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று அன்றிரவு முழுக்கப் புரண்டாள். பாஸ்போர்ட் ஏஜென்ட்டிடம் இருந்தது, கையெழுத்துப் போட்டாயிற்று, இந்த அறையையும் மாசக் கடைசியில் காலி செய்யவேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு ராத்திரி பார்த்துக்கொண்டாள், இரண்டு வருஷம் பார்ப்பாளா?

புதன்கிழமை புலாக்கானுக்குப் போகும் வழியில் ஒரு இரும்புக் கடையில் நின்று தாழ்ப்பாள் ஒன்று வாங்கினாள். கடைக்காரர் காட்டியதிலேயே கனமானது. ரோமியின் வீட்டில் பையை வைத்த கையோடு சுத்தியல் கேட்டு வாங்கி, குளியலறைக் கதவின் உட்புறம் ஆணியை வைத்து அடிக்க ஆரம்பித்தாள். ரோமி பனியனோடு வந்து நிலையில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தான்.

"என்ன ஜோனா, என் வீட்டையே ரிப்பேர் பண்ண வந்துட்டியா? திருடன் யாராவது வரப்போறானா இங்க?" என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். "வளர்ற பொண்ணு இருக்கற வீடு அண்ணா. சும்மா ஒரு அழகுக்கு."

மாட்டி முடித்து ஐராவைக் கூப்பிட்டாள். பிள்ளை நுனிக்காலில் நின்றாலும் தாழ்ப்பாள் எட்டவில்லை. ஜோனலின் எல்லா ஆணியையும் பிடுங்கினாள், ஒரு முழம் கீழே இறக்கி மறுபடி அடித்தாள். விரலில் ஓர் அடி விழுந்து நகம் கறுத்தது.

"இப்ப உள்ள போய் போட்டுப் பாரு."

ஐரா புது ஷூவோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. ஜோனலின் வெளியிலிருந்து பலங்கொண்ட மட்டும் தள்ளிப் பார்த்தாள், பிறகு தோளால் முட்டிப் பார்த்தாள். பழைய மரம் நெறுநெறுத்தது, ஆனால் பிடித்துக்கொண்டது.

"சரியா இருக்கு. வெளிய வாடா, அம்மாவுக்கு நேரமாகுது" என்றாள்.

உள்ளே ஷூ டக்டக்கென்று கதவைவிட்டுத் தள்ளிப் போனது. தாழ்ப்பாளை ஐரா திறக்கவில்லை.