சரக்கு வண்டி கடக்காத ஞாயிறுகள்

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டின் பின்சுவருக்கும் தண்டவாளத்துக்கும் இடையே ஒரு சாக்கடை மட்டுமே உண்டு. துறைமுகத்துச் சரக்கு வண்டி கடக்கும்போது, பேசிக்கொண்டிருப்பவர் சொல்லின் நடுவிலேயே நிறுத்திவிடுவார். கடைசிப் பெட்டி போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடர்வார். கேட்பவரும் காத்திருப்பார். இதை ஒரு வழக்கம் என்று நாங்கள் எண்ணியதே இல்லை. ஜெர்மனியில் மேற்படிப்புக்குச் சேர்ந்த முதற்பருவத்தில், வகுப்பின் முன் என் கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தபோது சன்னலுக்குக் கீழே டிராம் ஒன்று கடந்தது. சொல்லின் நடுவிலேயே நிறுத்திவிட்டுக் காத்து நின்றேன். நான் வரியைத் தவறவிட்டேன் என்று நினைத்து, முன்வரிசைப் பெண் எழுந்து வந்து என் தாளில் விரல் வைத்துக் காட்டினாள்.

ஞாயிறுதோறும் காணொளியில் அம்மாவை அழைப்பேன். என் அறையில் இணைப்பு சரியாகக் கிடைக்காது. ஆகவே விடுதியின் பொதுச் சமையலறையில் அமர்ந்துகொள்வேன். எனக்குக் காலை ஒன்பது மணி. அங்கே நண்பகல் கடந்திருக்கும். அரைமணிப் பேச்சில் ஒரு வண்டியாவது குறுக்கிடாமல் இருந்ததில்லை.

இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு வண்டி வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு அம்மா சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை; அவள் குரலுக்குப் பின்னால் இருந்த அமைதியையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்கம்மா கீறே?"

"வூட்லதான் கீறோம். வேற எங்க போவப் போறோம்?"

விடை சற்று விரைவாக வந்தது. கைப்பேசியை முகத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். அவள் காதோரம் ஒரு விரற்கடை அளவு சுவர் தெரிந்தது. அது பச்சை. எங்கள் வீட்டுச் சுவர் நீலம்.

அப்பாவைக் காட்டச் சொன்னேன். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டி ஓய்ந்தவர் அவர். வீட்டுக்குள் சட்டை அணிந்து நான் கண்டதில்லை. வாக்குக் கேட்டு வருபவர்களையும் தோளில் துண்டோடுதான் எதிர்கொள்வார். அன்று கழுத்துவரை பொத்தானிட்ட சட்டை, படிய வாரிய தலை. "நல்லா கீறேன்பா" என்று சொல்லிவிட்டு உடனே மறைந்தார். ஞாயிறு நண்பகலில் ஒருவர் இப்படி உடுத்திக்கொண்டு எங்கே உட்கார்ந்திருப்பார்? மருத்துவமனையைத் தவிர வேறிடம் எனக்குத் தோன்றவில்லை.

அவருக்கு ஏதோ நோய். படிப்பை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவேன் என்று அஞ்சி மறைக்கிறார்கள். இதை முடிவாகவே கொண்டேன். பருவத்தைக் கைவிட்டு ஊர் திரும்ப இசைவு கேட்டுப் பேராசிரியருக்கு ஒரு மடல் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். தேர்வுக்குப் பதிவு செய்ய இருந்த கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஐயம் ஒருமுறை பழகிவிட்டால் எதன்மேலும் படரும் போலும். விடுதியில் யாராவது நலம் கேட்டால் எதற்காகக் கேட்கிறார் என்று ஆராய்ந்தேன். பொதுக் குளிர்பெட்டியில் இருந்த என் பால்புட்டியில் பேனாவால் கோடு போட்டுவைத்தேன். பால் குறையவில்லை. அதையும் நம்பவில்லை.

காசிமேட்டில் விசைப்படகு எந்திரம் பழுது பார்க்கும் பள்ளித்தோழன் ஒருவன் எனக்கு உண்டு. ஐந்தாம் ஞாயிறு வீட்டை எட்டிப் பார்த்து வரும்படி அவனிடம் கேட்டுக்கொண்டேன். குரற்செய்தி அனுப்பினான்.

"மாமு, வூடு பூட்டி கீது. பக்கத்து வூட்டு அக்காவக் கேட்டேன். ஞாயித்துக்கெழம ஆனா ரெண்டு பேரும் சாப்பாடு கட்டிகினு மாதவரம் பஸ்ஸு ஏறிடறாங்களாம். உங்க நைனா ஷோக்கா சட்ட போட்டுகினு போறாராம். பேஜாராவாத, உனக்குப் பொண்ணு பாக்கறாங்களோ இன்னாவோ!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதவரத்தில் எங்களுக்கு இருக்கும் ஒரே உறவு, பால்பண்ணைக் குடியிருப்பில் வாழும் சித்தி. ஒரு திருமணப் பந்தியில் மூண்ட சண்டைக்குப் பின், அம்மாவும் அவளும் நான்காண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை. ஆகவே அந்த வீட்டைக் கணக்கில் கொள்ளாமல், மாதவரத்து மருத்துவமனைகளை வரைபடத்தில் ஒவ்வொன்றாகத் தேடினேன்.

ஆறாம் ஞாயிறு, பிறர் கண்ணில் படாதிருக்க விடுதியின் சலவை அறைக்குப் போய், துவைக்கும் எந்திரம் ஒன்றில் சாய்ந்தபடி அழைத்தேன். அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். அவருக்குப் பொய் வராது.

"நைனா, இன்னாத்துக்கு சட்ட போட்டுகினு கீறே?"

அவர் இப்படியும் அப்படியும் பார்த்தார். "பின்ன? மச்சினிச்சி வூட்ல வெத்து ஒடம்போட குந்தச் சொல்றியா?"

"ஒன் வாயில ஒண்ணு நிக்காதே!" என்று அம்மா கைப்பேசியைப் பிடுங்கினாள். திரைக்கு அப்பாலிருந்து சித்தியின் சிரிப்பு கேட்டது. "சொல்லித் தொலக்கா. எத்தினி வாரந்தான் மறைப்பே?"

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீதானப்பா சொன்னே, ரயிலு சத்தத்துல கூட்டாளிங்க எதிர்ல மானம் போவுதுன்னு. ரயில நாம நிறுத்த முடியுமா? இவ வூட்டு ரூமு சத்தமில்லாம கீது. அதான் வந்து கதவத் தட்னேன்."

சொல்லியிருந்தேன். முதற்பருவத்தின் இறுதியில் ஒரு காலை, வண்டி அலறியபோது, காப்பி கலந்துகொண்டிருந்த விடுதித் தோழன், உன் வீட்டார் ரயில் நிலையத்திலா குடியிருக்கிறார்கள் என்று விளையாட்டாகக் கேட்டான். அவனோடு சேர்ந்து சிரித்தேன். அவன் போனபின் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அன்று மாலைக்குள் எனக்கு அது மறந்துபோயிற்று. சுவரையும் சட்டையையும் அமைதியையும் வாரக்கணக்கில் துருவிய நான், அந்தக் காலையை ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

பேராசிரியருக்கு எழுதிய மடல் இனித் தேவையில்லை. அம்மாவிடம், "அடுத்த வாரம் நம்ம வூட்லேந்தே பேசும்மா. ரயிலு போனாப் போவட்டும்" என்றேன்.

அவள் திரையைக் கண்ணருகே கொண்டுபோய் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இப்ப திடீர்னு ரயிலு கேக்கறே? மூஞ்சி ஏன் வாடிக் கெடக்குது? நீ எப்பவும் குந்தற எடமும் இது இல்லியே. பின்னால வட்டமா, வெள்ளையா, இன்னாடா அது? ஆஸ்பத்திரி மிஷினா? மறைக்காம சொல்லு."