தெலுங்கு எழுத்தில் ஒரு தமிழ் வரி

சித்தூரில் என் கடை வாசலில் பிளைவுட் இறக்கிக்கொண்டிருந்தபோது நண்பர் முனிரத்தினத்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "சொல்லு முனி" என்றேன். பேசியது அவர் தம்பி. திருப்பதியில் தன் கம்ப்யூட்டர் கடையின் ஷட்டரைத் தூக்கக் குனிந்த முனி எழுந்திருக்கவே இல்லையாம்.

அவரிடம் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கக் கொடுத்தவர்களுக்கு அவர் கைத்திறன் தெரியும். எனக்குத் தெரிந்த வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

என் மனைவி சாந்தாவுக்கு ஒரு காய்ச்சலில் காது போனது. மகன் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகுமுன், அம்மா வசனத்தை எழுத்தில் படித்தாவது சினிமா பார்க்கட்டும் என்று சர்வர் பெட்டி ஒன்றில் தமிழ்ப் படங்களை நிரப்பி டிவியோடு இணைத்துவிட்டுப் போனான். ஆனால் எங்கள் பக்கத்துத் தமிழர் பலரைப் போல அவளும் தெலுங்குப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. தெலுங்கு சப்டைட்டில் படத்திலேயே பதிந்து வந்த தமிழ்ப் படங்களைப் போட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டேன். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பவள் அவள். இரண்டாம் நாளே டிவியை அணைத்துவிட்டாள். "வாய் ஒண்ணு சொல்லுது, எழுத்து வேற சொல்லுது. எனக்கு இனிமே சினிமா வேணாம்."

அதைக் கேட்ட முனி சிரிக்கவில்லை. தமிழ் வசனத்தைத் தெலுங்கு எழுத்தில் தானே தட்டிக்கொண்டு வந்தார். டிவியில் தெலுங்கு எழுத்துரு இல்லாததால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. படம் ஓடும்போதே எழுத்தை அதன்மேல் பதித்து அனுப்பும்படி சர்வரை மாற்றினார். படம் திக்கித் திக்கி நின்றது. நான் பெட்டியைத் திட்டினேன்.

"அத ஏண்ணா திட்ற? ஓடிக்கினே எழுதுன்னா யாரால ஆவும்? முன்னாடியே எழுதிக் குடுத்துடலாம்."

அதன்பின் தன் கடையிலேயே எழுத்தைப் பதித்து, படத்தைப் பென்டிரைவில் கொண்டுவருவார். முதல் படத்தில் ஒரு நகைச்சுவைக்கு எனக்கு முன்னால் சாந்தா சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒருமுறை வில்லனின் வசவுகளை விட்டுவிட்டார். "அவன் வாயில நல்லாத் தெரியுது முனி, நீ ஏன் முழுங்கற?" என்று கேட்டாள். "வதினா படிக்கிறதுல அதெல்லாம் எப்படி டைப் அடிக்கிறது?" என்று நெளிந்தார்; அண்ணி என்பதற்குத் தெலுங்கு முறையில் அவளை வதினா என்றுதான் அழைப்பார். அடுத்த படத்தில் ஒரு வசவும் தப்பவில்லை.

காரியம் முடிந்து அவர் தம்பி ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். முனி பாதி வரை தட்டிய படம். அதுவரை தட்டியதைச் சரிபார்க்கப் படத்தில் பதித்து வைத்திருந்தார். இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். இடைவேளை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் எழுத்து நின்றது. படம் ஓடியது, உதடுகள் அசைந்தன. சாந்தா காத்திருந்தாள். "பெட்டி மறுபடி மாட்டிக்கிச்சு. முனிக்குப் போன் போடு" என்றாள். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மீதியை நான் தட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்தப் படத்தை இன்னும் பார்க்கிறாள். எழுத்து நிற்கும் இடத்தில் அணைத்துவிடுகிறாள்.

அந்தப் பென்டிரைவ்தான் என்னிடம் இருக்கிறது. அதில் அவர் கடைசியாகத் தட்டிய வரி, தெலுங்கு எழுத்தில், நம் பேச்சில்: "இரு, வந்துர்றேன்."